ஆளுக்கு ஒரு பக்கம்

கார்த்திகா நடத்திய இணைய வகுப்பில் 'செகண்ட் ஷிப்ட்' என்ற பெயரில் ஏழு மாதம் படித்தவன் அவளுடைய சொந்த அண்ணன் மனோகரன். அது அவளுக்குத் தெரிய வந்தபோது பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. அவன் எழுதியிருக்கவில்லை.

வகுப்பு தொடங்கியதற்குக் காரணம் சொர்ணம். திருமுல்லைவாயிலில் கார்த்திகா குடியிருக்கும் அடுக்குமாடியில் படிகளையும் லிஃப்டையும் கூட்டித் துடைக்கிறவர். நாற்பத்தாறு வயது. ஒரு நாள் காலையில் கார்த்திகாவை லிஃப்ட் வாசலில் நிறுத்தி, தன் போனில் இருக்கும் ஒரு ஆப்பை எடுத்துவிடச் சொன்னார். எட்டாவதோடு நின்றுபோன படிப்பைத் தொடரலாம் என்று ஏதோ விளம்பரத்தைப் பார்த்து ஒரு இணைய வகுப்பில் சேர்ந்திருக்கிறார். மூன்றாவது நாளே கேமராவைப் போட்டு ஒரு பத்தியைச் சத்தமாகப் படிக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு வார்த்தையில் நின்றுவிட்டார். மைக்கை அணைக்காமல் விட்டிருந்த யாரோ சிரித்தார்கள்.

"தொடப்பத்த புடிச்சிகினு கீறவளுக்கு இன்னாத்துக்கு இதெல்லாம்னு நெனச்சிருப்பாங்க," என்றார் சொர்ணம். "நானும் அத்தான் நெனச்சேன். எடுத்துடு கண்ணு."

கார்த்திகா எடுத்துக் கொடுத்தாள். ஆனால் அன்று முழுக்க அலுவலகத்தில் அவளால் வேறு எதையும் யோசிக்க முடியவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் அவளுக்கு வேலை. ஆன்லைன் கடைகளுக்குத் திரை வடிவமைப்பது. எந்த பட்டனை எங்கே, எந்த நிறத்தில் வைத்தால் ஆட்கள் விடாமல் அமுக்குவார்கள் என்பது அவளுக்குப் பதினைந்து வருடப் பாடம். சேலை வாங்க வைக்கத் தெரிந்த தனக்கு, ஒரு பெண்ணைப் பயமில்லாமல் உட்கார்ந்து படிக்க வைக்கத் தெரியாதா என்று தோன்றியது.

அடுத்தடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் சொர்ணத்தை வீட்டுக்கு அழைத்து உட்காரவைத்துக் கேட்டாள். என்ன படிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தை விட்டது எப்படி என்று கேட்டாள். சொர்ணம் மூலமாக இன்னும் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். ஆவடியில் ஷேர் ஆட்டோ ஓட்டும் ஜஸ்டின், ஒரு டெய்லர், தண்ணீர் கேன் போடுகிற ஒருவர். அவர்கள் பேசியதில் ஒன்று அவளுக்கு வியப்பாக இருந்தது. 'எனக்குப் படிப்பு வரல' என்று யாரும் பொதுவாகச் சொல்லி நிறுத்தவில்லை. ஒவ்வொருவரும் ஒரு நாளைச் சொன்னார்கள். அன்று என்ன கிழமை, என்ன சட்டை, யார் யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது வரைக்கும் நினைவு வைத்திருந்தார்கள்.

அந்த நாள் மறுபடி வராமல் பார்த்துக்கொள்வதுதான் தன் வேலை என்று கார்த்திகா முடிவு செய்தாள். 'மெதுவா' என்று வகுப்புக்குப் பெயர் வைத்தாள். அதில் கேமரா கிடையாது. உண்மைப் பெயரோ போன் நம்பரோ கொடுக்க வேண்டாம், பிடித்த பெயர் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். ஒருவர் மதிப்பெண் இன்னொருவர் கண்ணில் படாது. தப்பாக எழுதினால் சிவப்புக் கோடு வராது, ஆசிரியர் தனியாகச் சொல்வார். எழுத வராதவர்கள் குரலில் பதில் அனுப்பலாம். எல்லாவற்றுக்கும் மேலாக ஒவ்வொரு கேள்விக்குக் கீழேயும் 'தெரியல' என்று ஒரு பட்டன். சரியான விடைக்கு எந்தப் பச்சை நிறம் வருமோ அதே பச்சைதான் அதற்கும்.

ரகுநாதன் என்கிற தனியார் பள்ளி ஆசிரியர் ஒருவர் கணக்கும் அறிவியலும் எடுக்க ஒப்புக்கொண்டார். தமிழையும் மற்றதையும் கார்த்திகா பார்த்துக்கொண்டாள். ஆகஸ்டில் தொடங்கும்போது பதினோரு பேர். அக்டோபரில் முப்பத்தொன்று.

தொடங்கிய வாரத்தில் அந்த அறிவிப்பை அவள் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் போட்டிருந்தாள். தெரிந்தவர்களுக்குச் சொல்லுங்கள் என்று பொதுவாக எழுதியிருந்தாள். எழுதும்போது அண்ணனை நினைத்தாள். பத்தாவதில் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஃபெயிலாகி, இரண்டாவது முறை எழுதி மறுபடியும் ஃபெயிலாகி, அதோடு விட்டவன். இப்போது நாற்பத்து நான்கு வயதில் ஒரு தொழிற்சாலைக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். அவனுக்குத் தனியாக அனுப்பலாமா என்று யோசித்தாள். எப்படிச் சொன்னாலும் தப்பாகத்தான் படும் என்று விட்டுவிட்டாள். அவர்கள் இரண்டு பேரும் பொங்கலுக்கும் அப்பா இறந்த நாள் படையலுக்கும் பார்த்துக்கொள்வார்கள். சாப்பிட்டியா, வேலை எப்படி, அவன் மகள் வர்ஷா எப்படிப் படிக்கிறாள். அதற்கு மேல் பேச்சு போகாது.

'செகண்ட் ஷிப்ட்' செப்டம்பர் முதல் வாரத்தில் வந்து சேர்ந்தது.

முதல் மாதம் முழுக்க அவன் 'தெரியல' பட்டனை மட்டும் அமுக்கிக்கொண்டிருந்தான். நூற்றுப் பதினான்கு முறை. ரகுநாதன், யாரோ விளையாட்டுக்கு வந்திருக்கிறார் போல, எடுத்துவிடலாமா என்று கேட்டார். கார்த்திகா வேண்டாம் என்றாள். விளையாட்டுக்கு வருகிறவன் நூற்றுப் பதினான்கு கேள்வியைத் திறந்து பார்க்க மாட்டான்.

பிறகு ஒரு நாள் கன அளவுப் பாடத்தில் சொர்ணம் மாட்டிக்கொண்டு, உருளை என்றால் என்ன கூம்பு என்றால் என்ன என்று மண்டையில் ஏறவில்லை என்று குரலில் அனுப்பினார். ரகுநாதன் இரண்டு முறை விளக்கியும் ஏறவில்லை. மறுநாள் மதியம் செகண்ட் ஷிப்டிடமிருந்து ஒரு படம் வந்தது. அட்டைப் பெட்டி ஒன்றின் மேல் மார்க்கரால் வரைந்திருந்தான். ஒரு டிரம், அதற்குள் சரியாக அடங்குகிற ஒரு கூம்பு, பக்கத்தில் கூம்பால் மூன்று முறை மணலை அள்ளிக் கொட்டினால் டிரம் நிறைவது. கீழே ஒரே ஒரு வரி, எழுத்து மாறி மாறி: 'மூனு தடைவ கொட்ணா நிரயும்'.

சொர்ணத்துக்குப் புரிந்துவிட்டது. அன்றிலிருந்து வரைபடம் என்றால் எல்லோரும் அவனைத்தான் கேட்டார்கள். "செகண்ட் ஷிப்ட் அண்ணாத்தே, கொஞ்சம் பெட்டில போட்டு காட்டு," என்று ஜஸ்டின் குரல் அனுப்புவான். அவனும் போட்டுக் காட்டுவான். வண்டி திரும்பும் வட்டம், ரேக்கில் அடுக்கும் பலகைகள், லாரிக்குள் எத்தனை பெட்டி போகும் என்று எல்லாமே கிடங்கிலிருந்து வரும்.

கார்த்திகா அவனுக்குத் தனியாக நிறைய எழுதினாள். 'ரொம்ப நல்லா போட்டிருக்கீங்க சார். எனக்கே இப்பதான் புரிஞ்சது' என்று ஒரு முறை எழுதினாள். உண்மையாகவே எழுதினாள். அவன் பதிலுக்கு 'நண்றி' என்று அனுப்பினான். அவனுக்கு எழுத்தில்தான் சிக்கல், அறிவில் இல்லை என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. எழுத்துகள் கண்ணில் இடம் மாறித் தெரிகிற ஒரு வகைக் கஷ்டம் உண்டு என்றும், அது சின்ன வயதிலேயே கண்டுபிடிக்கப்பட வேண்டியது என்றும் படித்திருந்தாள். இந்த மனுஷனை யாரோ பார்க்காமல் விட்டிருக்கிறார்கள் என்று வருத்தப்பட்டாள். கிடங்கில் வேலை செய்கிறவர்கள் அந்தப் பக்கம் ஆயிரக்கணக்கில் உண்டு. பெட்டியின் மேல் இருந்த அந்தக் கோணல் கையெழுத்து யாருடையது என்று அவளுக்குத் தெரியவில்லை. அண்ணனுடைய நோட்டை அவள் ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை.

ஒன்று மட்டும் அவளுக்குப் புரியாமல் இருந்தது. எழுதுவதற்கு இவ்வளவு சிரமப்படுகிறவர் ஏன் ஒரு முறைகூடக் குரலில் அனுப்புவதில்லை? அதற்காகத்தானே அந்த வசதி. 'பேசி அனுப்புங்க சார், உங்களுக்குச் சுலபமா இருக்கும்' என்று மூன்று நான்கு முறை சொல்லிப் பார்த்தாள். அவன் சரி என்பான். மறுபடியும் எழுதித்தான் அனுப்புவான்.

பிப்ரவரியில் அவள் வாசிப்புப் பயிற்சியைக் கொண்டுவந்தாள். பாடத்திலிருந்து ஏதாவது ஒரு பக்கத்தை அவரவர் சத்தமாகப் படித்து, பதிவு செய்து, குழுவில் போட வேண்டும். முதலில் விருப்பமிருந்தால் என்றுதான் வைத்தாள். சொர்ணம் தண்ணீர் மோட்டார் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு படித்து அனுப்பினார். பதினோரு நிமிடம். நடுவில் நான்கு இடத்தில் நின்றார், பெருமூச்சு விட்டார், திரும்பத் தொடங்கினார். முடித்ததும், "படிச்சிட்டேன்பா," என்றார். குழுவில் இருபது பேர் பதில் போட்டார்கள். டெய்லர் அழுதுகொண்டே பேசினார். அந்த வாரமே மற்றவர்களும் ஒவ்வொருவராகப் படித்தார்கள்.

அந்த மகிழ்ச்சியில்தான் கார்த்திகா விதியை மாற்றினாள். விருப்பமிருந்தால் என்பதை எடுத்துவிட்டு, ஆளுக்கு ஒரு பக்கம் என்று போட்டாள். பரீட்சைக்கு முன்னால் எல்லோருக்கும் அந்தத் தைரியம் வர வேண்டும் என்று நினைத்தாள். மார்ச் இரண்டாம் வாரத்தில் ஒருவர் மட்டும் பாக்கி.

அவனுக்குத் தனியாக எழுதினாள். 'சார், நீங்க ஒருத்தர்தான் பாக்கி. யாரும் சிரிக்க மாட்டாங்க. பயமா இருந்தா இப்படிச் செய்யலாம். நான் முதல்ல படிக்கிறேன், நீங்க பின்னாடியே படிங்க.' எழுதியதோடு நிற்காமல், தமிழ்ப் புத்தகத்திலிருந்து ஒரு பக்கத்தைத் தானே நிறுத்தி, நிதானமாகப் படித்துப் பதிவு செய்து கூடவே அனுப்பினாள்.

அன்று மாலையே செகண்ட் ஷிப்ட் குழுவை விட்டுப் போய்விட்டது.

சேரும்போது பதிந்திருந்த முகவரிக்கு அவள் இரண்டு மின்னஞ்சல் அனுப்பினாள். பதில் இல்லை. ஜஸ்டின் இரண்டு நாள் தேடினான். ஆனால் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. ஹால் டிக்கெட்டில் பெயர் தப்பு, புகைப்படம் ஏறவில்லை, எந்தப் பள்ளி எங்கே என்று மற்றவர்களின் கவலைகள் அவளைச் சூழ்ந்துகொண்டன. எந்த வகுப்பிலும் கடைசி நேரத்தில் ஓரிருவர் விலகுவார்கள் என்று சொல்லிக்கொண்டாள். முப்பத்தொன்றில் ஒருவர். அலுவலகத்தில் அந்தக் கணக்கைக் காட்டினால் கை தட்டுவார்கள்.

ஏப்ரல் கடைசியில் அப்பாவின் படையல் வந்தது. கள்ளிக்குப்பத்தில் அப்பா ஓய்வு பெற்ற பணத்தில் கட்டிய வீட்டில்தான் மனோகரனும் அவன் மனைவி ராணியும் வர்ஷாவும் இருக்கிறார்கள். கார்த்திகா காலையிலேயே போய்விட்டாள். வர்ஷா கடைக்குப் போயிருந்தாள். மனோகரன் காக்காய்க்குச் சோறு வைக்க மாடிக்குப் போயிருந்தான். ராணி வடை சுட்டுக்கொண்டிருந்தவள், அடுப்பை அணைத்துவிட்டு உள்ளறைக்குப் போய், பீரோவில் புடவைகளுக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்து வந்தாள்.

"உங்கண்ணன் சொல்லாதன்னுதான் சொல்லிச்சு," என்றாள். "எனுக்கு மனசு கேக்கல கார்த்திகா."

பத்தாம் வகுப்புத் தேர்வு ஹால் டிக்கெட். வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு மனோகரன் அதில் விறைப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ராணி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். வர்ஷாதான் போனில் அந்த வகுப்பைப் போட்டுக் கொடுத்தாளாம். செகண்ட் ஷிப்ட் என்று பெயர் வைத்துக்கொண்டதும், சாப்பாட்டு நேரத்தில் கிடங்கில் உட்கார்ந்து பெட்டிகளில் வரைந்ததும், விண்ணப்பம் போட மகளோடு பிரவுசிங் சென்டருக்குப் போனதும். மார்ச்சில் ஒரு நாள் திடீரென்று போனிலிருந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டான். ஆனாலும் தமிழ்ப் பரீட்சை அன்று லீவு போட்டான். அந்த வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டான். ராணியும் வண்டியில் கூடவே போனாள். ஆவடியில் அந்தப் பள்ளிக்கூட வாசலில் எல்லோரும் உள்ளே போனார்கள். இவன் காம்பவுண்டு சுவர் ஓரமாகவே நின்றான். மணி அடித்தது. கேட்டைச் சாத்தினார்கள். அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வா போகலாம் என்றான். வழியில் ஓட்டலில் நிறுத்தி அவளுக்குப் பூரி வாங்கிக் கொடுத்தான். அவன் ஒன்றும் சாப்பிடவில்லை.

கார்த்திகா தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஏன் அவன் ஒரு முறையும் பேசி அனுப்பவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. பேசியிருந்தால் முதல் வார்த்தையிலேயே அவளுக்குத் தெரிந்திருக்கும். எழுத வராதவர்களுக்கு என்று அவள் யோசித்து யோசித்துத் திறந்து வைத்த வழி, அவனுக்கு மட்டும் அவளாலேயே அடைபட்டிருந்தது.

மாடிக்குப் போனாள். இலையில் பாதிச் சோறு காலியாகியிருந்தது. மனோகரன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். அவள் கையில் இருந்த தாளைப் பார்த்தான்.

"அவ வாயில எதுவும் நிக்காது," என்றான்.

ஏன் தன்னிடம் சொல்லவில்லை என்று கேட்டாள். கேட்டதுமே அது எவ்வளவு அசட்டுக் கேள்வி என்று அவளுக்குத் தெரிந்தது.

"சொல்லிட்டு உன் க்ளாஸ்ல எப்டி படிக்கிறது?"

பிறகு அவனாகவே பேசினான். அவன் இவ்வளவு பேசி அவள் கேட்டதாக நினைவில்லை. குடும்பக் குழுவில் அறிவிப்பைப் பார்த்தபோது, பெயர் வேண்டாம், நம்பர் வேண்டாம் என்று இருந்ததைத்தான் நம்பினானாம். சும்மா போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் நுழைந்தான். தெரியல என்று அமுக்கினான். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி அமுக்கினான். யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒரு மாதம் அதையே அமுக்கிப் பார்த்தான், யாராவது எப்போதாவது திட்டுவார்கள் என்று. யாரும் திட்டவில்லை. அதற்கப்புறம்தான் கேள்வியையே படிக்க ஆரம்பித்தான்.

"நீ எழுதினதெல்லாம் ராணிகிட்ட காட்டுவேன்," என்றான். "நல்லா போட்டிருக்கீங்க சார்னு எழுதியிருந்த. பாரு, என் தங்கச்சி என்னிய சார்னுதுன்னு சொன்னேன். அவ சிரிச்சா."

"அப்புறம் ஏண்ணா?"

அவன் கீழே தெருவைப் பார்த்தான். "படிச்சு அனுப்புன பாரு. கேண்டீன்ல உக்காந்துகினு காதுல மாட்டிக் கேட்டேன். அப்டியே படிக்கிற கார்த்தி. சின்ன வயசுல படிச்சியே, அதே மாதிரி. நிறுத்தி நிறுத்தி, அழகா."

அவளுக்குப் புரிய ஒரு கணம் ஆனது.

அப்போது அவர்கள் ஆவடியில் அப்பாவின் வேலைக்குக் கிடைத்த குவார்ட்டர்ஸில் இருந்தார்கள். அவள் ஐந்தாவது, அவன் பத்தாவது. அரையாண்டுத் தேர்வில் அவன் தமிழில் ஃபெயிலாகி வந்த அன்று அப்பா அடிக்கவில்லை. கார்த்திகாவைக் கூப்பிட்டு, அவனுடைய பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைக் கையில் கொடுத்தார். இவ முதல்ல படிக்கட்டும், நீ பின்னாடியே படி என்றார். அவள் ஒரு பக்கம் முழுவதையும் தடுமாறாமல் படித்தாள். அவன் இரண்டாவது வரியில் நின்றான். பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். மறுநாளும் அப்படியே. பரீட்சை வரைக்கும் தினமும் சாயங்காலம் ஒரு பக்கம்.

அந்தச் சாயங்காலங்கள் கார்த்திகாவுக்கு நன்றாக நினைவிருந்தன. ஆனால் அப்பா தன்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்ட நாட்களாகத்தான் நினைவிருந்தன. ஐந்தாவதிலேயே பத்தாவது புத்தகம் படித்தேன் என்று அலுவலகத்தில் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள். புத்தகம் யாருடையது என்று ஒருவரும் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. சொர்ணத்திடமும் ஜஸ்டினிடமும் அவர்களுடைய நாள் எது என்று தோண்டித் தோண்டிக் கேட்டவள், அண்ணனுக்கும் அப்படி ஒரு நாள் இருக்கும் என்றோ, அதில் தான் இருப்போம் என்றோ யோசித்ததில்லை.

"நான் வேணும்னு பண்ணலண்ணா," என்றாள்.

"தெரியும். அப்பவும் நீ வேணும்னு பண்ணல. சின்ன புள்ள, அப்பா படின்னாரு, படிச்ச. உன் மேல எனுக்குக் கோவமே கெடையாது." அவன் இலையை மடித்தான். "கேட்டதும் நாக்கு ஒட்டிகிச்சு. அவ்ளோதான். பள்ளிக்கூட கேட்டாண்ட போய் நின்னப்பகூட உள்ள போவலாம்னுதான் நெனச்சேன். ஆனா கேள்வித்தாள எடுத்தா, அது உன் கொரல்லதான் கேக்கும்னு தோணிச்சு. நீ படிப்ப, நான் பின்னாடியே படிக்கணும். அப்டியே நின்னுட்டேன்."

ஜூலையில் துணைத்தேர்வு இருக்கிறது என்று அவள் சொன்னாள். இனிமேல் யாரையும் படிக்கச் சொல்ல மாட்டேன் என்றாள். தான் வகுப்பிலிருந்து விலகிக்கொள்கிறேன், ரகுநாதன் பார்த்துக்கொள்வார், அவன் மட்டும் வரட்டும் என்றாள். அழுதுகொண்டே அடுக்கினாள். அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான்.

"வேணாம் கார்த்தி. ஏழு மாசம் நல்லா இருந்திச்சு. போன தொறந்தா யாராச்சும் அண்ணாத்தே எங்கன்னு கேட்டிருப்பாங்க. அது போதும் எனுக்கு." மடித்த இலையை எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் திரும்பினான். "மூஞ்சிய தொடச்சிகினு வா. வர்ஷா பாத்தா கேப்பா."

கீழே எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவன் அவளுக்கு இரண்டாவது வடையை எடுத்து வைத்தான்.

வீட்டுக்கு வந்ததும் கார்த்திகா அந்த விதியை எடுத்துவிட்டாள். அடுத்த ஆண்டு வகுப்புக்கு வர இருந்த இரண்டு புதிய ஆசிரியர்களுக்காக எழுதிக்கொண்டிருந்த குறிப்பில், ஒருவர் ஒன்றைச் செய்யவில்லை என்றால் அவருக்கு அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதைக் கேட்காதீர்கள் என்று சேர்த்தாள். எடுத்துக்காட்டு ஒன்று தரலாமே என்று ரகுநாதன் சொன்னார். அவளால் எழுத முடியவில்லை.

மே மாதம் முடிவு வந்தது. அந்த ஆண்டே எழுதிய பதினான்கு பேரில் ஒன்பது பேர் தேர்ச்சி. சொர்ணம் இருநூற்று நாற்பத்து மூன்று மதிப்பெண். அன்று அவர் லிஃப்ட் துடைக்கிற துணியோடு கார்த்திகாவின் வீட்டுக்கு மேலே ஏறி வந்து, கதவைத் திறந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். குழுவில் இரண்டு நாள் குரல்களாக வந்து கொட்டின. எழுதாமல் விட்டவர்களும் தேறாதவர்களும்கூட வாழ்த்தினார்கள். ஜஸ்டின் ஆங்கிலத்தில் மட்டும் போயிருந்தான். ஜூலையில் எழுதிவிடுவேன் என்றான்.

மூன்றாம் நாள் சொர்ணம் கேட்டார். "அந்த செகண்ட் ஷிப்ட் தம்பி எங்க கண்ணு? கணக்குல நான் பாஸானதே அதாலதான். ஒரு வார்த்த சொல்லணும்."

அவர் வரமாட்டார் என்று கார்த்திகா சொன்னாள். சொர்ணம் ஏன் என்றார். தான்தான் ஒரு தப்புப் பண்ணிவிட்டேன், அவரை ரொம்ப வற்புறுத்திவிட்டேன் என்றாள். அவர் தன் அண்ணன் என்று சொல்ல வாய் வரவில்லை. அது அவன் சொல்ல வேண்டியது என்று பட்டது. சொர்ணம் அவள் முகத்தைப் பார்த்தார். மேலே கேட்கவில்லை. பேசித் தருகிறேன், எப்படியாவது சேர்த்துவிடு என்று மட்டும் சொல்லி, அங்கேயே நின்று இரண்டு நிமிடம் பேசினார். அந்தப் பதிவைக் கார்த்திகா அண்ணனின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பினாள். தன் பங்குக்கு எதுவும் எழுதவில்லை. எழுதினால் தன் குரலும் சேர்ந்து கேட்டுவிடும் என்று பயமாக இருந்தது.

அதற்குப் பதில் வரவில்லை. அவளும் கேட்கவில்லை.

ஜூலையில் துணைத்தேர்வு நடந்து முடிந்தது. அவன் எழுதவில்லை. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் கள்ளிக்குப்பம் போனாள். இப்போதெல்லாம் மாதம் இரண்டு முறை போகிறாள். முன்பு பேசியதைவிட இப்போது அதிகம் பேசிக்கொள்கிறார்கள் என்று சொல்ல முடியாது. ஒரே அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள், டிவி ஓடுகிறது. அன்று அவனுக்கு ஷிப்ட் இருந்தது. ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு செருப்பு மாட்டியவன் வாசலில் நின்றான்.

"பேசி அனுப்புச்சே, அந்தம்மா மேல படிக்கிதா?" என்றான், அவளைப் பார்க்காமல்.

"படிக்கிறாங்கண்ணா. ப்ளஸ் ஒன்னுக்கு ஃபாரம் வாங்கியாச்சு."

"நல்லது," என்றான்.

வண்டியை வெளியே தள்ளினான். தெருமுனை வரை தள்ளிக்கொண்டே போய், அங்கேதான் ஸ்டார்ட் செய்தான். கார்த்திகா வாசலிலேயே நின்றிருந்தாள். சோறு ஆறுது, உள்ள வா என்று ராணி கூப்பிட்டாள்.